சாயும் கட்டிலும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்

எழுந்து நின்றால் மயங்குகிறவர்களை நிற்க வைத்து, மயங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் என் வேலை. என்னைப் போலவே பாராட்டு வாங்காத டெக்னீசியன்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

போட்டோ

பக்கத்து அறையில் நிர்மலா இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கிறாள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். திரையில் இதயம் குதிப்பதைக் காட்டினால் அவளைக் கும்பிடுகிறார்கள். என்னிடம் இருப்பது பட்டை வைத்த ஒரு கட்டில். ஆளைப் படுக்க வைத்துக் கட்டி, கட்டிலை மெல்ல நிமிர்த்தி, நாடியும் பிரஷரும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பேன். ஆனைமலைத் தோப்புக்காரர் ஒருவருக்கு மூன்றே நிமிடத்தில் பிரஷர் சரிந்ததைப் பிடித்தேன். பட்டையை அவிழ்த்ததும் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, பக்கத்து ரூம்ல அவங்க படமெல்லாம் குடுத்தாங்க. நீங்க ஒண்ணுமே குடுக்க மாட்டீங்களா?"

மூச்சு

ஒரு மில் முதலாளி, இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மூச்சை ஆழமாக இழுத்தால் துடிப்பு கூட வேண்டும், விட்டால் குறைய வேண்டும். நம்மைக் கேட்காமல் இதயத்தை நடத்தும் நரம்புகள் அதைப் பார்த்துக்கொள்ளும். அவருக்கு எப்படி மூச்சு விட்டாலும் ஒரே அளவு. அது நல்லதல்ல என்று நான் வாய் திறப்பதற்குள், எட்டிப் பார்த்த நிர்மலாவிடம் பெருமையாகச் சொன்னார்: "பாரு கண்ணு, மில்லுல ஸ்ட்ரைக் வந்தப்பவே அசையாத நெஞ்சு!"

செல்வி

சோமனூரில் தறி ஓட்டுகிற செல்வி நின்றபடியே விழுவாள். தலை ஸ்கேன், நிர்மலாவின் ஸ்கேன் எல்லாம் சுத்தம். நடிக்கிறாள் என்றார்கள், கணவரும் நம்பிவிட்டார். அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கட்டிலை நிமிர்த்தினேன். படுத்திருந்தபோது நாடி எழுபத்திரண்டு; நிமிர்த்திய ஐந்தாம் நிமிடம் நூற்று இருபத்தைந்து. பிரஷர் இறங்கவில்லை, ஆனாலும் அவளுக்குக் கண் இருட்டியது. நாடியை யாராலும் நடித்து ஏற்ற முடியாது என்றேன். கணவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுரு செல்வி" என்று அழுதுவிட்டார். தானாக இயங்கும் நரம்பின் கோளாறு என்று டாக்டர் பெயர் சொல்லி, உப்பும் தண்ணீரும் கூட்டச் சொல்லி, இறுக்கமான காலுறையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, பாதி நாள் தறியில் நிற்கிறேன் என்று சந்தோஷமாக வந்தாள். மைசூர்பா டப்பாவை நேராக நிர்மலா கையில் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. "இவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்று நிர்மலாவே என்னைக் காட்டினாள். செல்வி ஓரடி பின்னால் போனாள்: "ஐயோ, நீங்களாங்க! உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் கண்ணு கட்டுதுங்க!"

பொறாமையில் நாடி எவ்வளவு ஏறும் என்று அந்தக் கட்டிலில் நானே ஏறிப் பார்த்திருக்கலாம், ஆனால் பட்டை கட்டிவிட நிர்மலாவைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.