பலகை வேலிக்கு வெளியே ஒரு குடை

இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்பது தம்பியே சொல்லிவிட்டுப் போன விடயம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. "வேறை ஆரையும் கேளடா" என்றேன். தம்பி கட்டிலில் கிடந்தபடி சிரித்தார்.

"மற்ற எல்லாரும் நான் விளையாடினதைப் பாத்தவை, அக்கா. அவை புழுகித்தான் எழுதுவினம். ஒரு மட்ச் முழுசாப் பாக்காத ஆள் நீங்கள் ஒராள்தான். நீங்கள் எழுதுங்கோ."

உறவினர்களும் நண்பர்களும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நான் தம்பியை அவன் என்றுதான் சொல்வேன். இங்கே அவர் என்று எழுதுகிறேன். அவன் என்று எழுதத் தொடங்கினால் பேனை நகர மறுக்கிறது.

தம்பி வடமராட்சியில், கடலுக்குக் கிட்டவாக இருந்த எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு அப்போது பத்து வயது. இடையில் பிறந்தவை தங்கவில்லை. தம்பி பிறந்த முப்பத்தோராம் நாள் கழிவதற்கு முன்பே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நான் கால்மாட்டில் இருந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மூச்சு நின்றது. செத்தவீட்டுக்கு வந்த ஒருவர், பெயர் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "உந்தப் பெட்டையின்ர கண் பொல்லாத கண். தாயை விழுங்கிப்போட்டுது. குழந்தையையும் உப்பிடிப் பாக்க விடாதேங்கோ."

பள்ளிக்கூடம் நின்றது. தம்பியை நான்தான் வளர்த்தேன். பால் பருக்கும்போது சங்கைப் பார்ப்பேன். தலை வாரி இழுக்கும்போது வகிட்டைப் பார்ப்பேன். நல்ல உடுப்புப் போட்டு வந்து "அக்கா, வடிவோ?" என்று கேட்டால், "ஓம், வடிவு" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வேன். அந்தப் பேச்சை நான் நம்பினேனா என்று கேட்டால், நம்பாமல் இருக்கத் துணிவு வரவில்லை என்றுதான் சொல்லலாம்.

பாடசாலையில் தம்பி உதைபந்தாட்டத்தில் சேர்ந்தார். ஆள் கட்டை. இடது கால்காரர். கடற்கரை மணலில் ஓடிப் பழகியதால் புல்லுத்தரையில் கால் தானாகப் போகும் என்று பின்னாளில் சொல்வார். போட்டிக்குப் போகும்போது நான் திருநீறு பூசிவிடுவேன். பார்க்கப் போக மாட்டேன். "அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது" என்று தம்பியே மற்றவர்களுக்குச் சொல்லிச் சமாளிப்பார்.

நாட்டு நிலைமை கெட்டபோது பத்தொன்பது வயதில் சுவீடன் போய்ச் சேர்ந்தார். தெற்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். காலையில் மரப்பெட்டி அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் அந்த ஊர்க் கழகம் பயிற்சி செய்யும் மைதானத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள் விளையாட ஆள் போதாமல் போக, நின்றவரைக் கூப்பிட்டார்கள். காற்சட்டை பெரிதாக இருந்ததால் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினாராம். அடுத்த கிழமை சப்பாத்துக் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு வந்த கடிதம் இன்னும் இருக்கிறது. "அக்கா, இஞ்ச பனியை வழிச்சுப்போட்டு அதுக்கு மேலை விளையாடுகினம். விழுந்தால் தோல் இருக்காது. ஆனால் நான் விழ மாட்டன், யோசியாதேங்கோ."

படிப்படியாக மேலே போனார். பெரிய கழகம் ஒன்று ஒப்பந்தம் எழுதி எடுத்தது. பெட்டி அடிக்கும் வேலையை விட்டுவிட்டு, விளையாட்டையே தொழிலாகக் கொண்டார். சுவீடன் குடியுரிமையும் கிடைத்தது. முன்வரிசை ஆட்டக்காரர் என்றால் கோல் அடிப்பதுதான் வேலை என்று தம்பி எனக்கு விளக்கம் சொன்னார். மற்றவர்கள் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள், உங்கள் தம்பி பந்து வரப்போகும் இடத்தில் முன்னமே நிற்பார் என்று பயிற்சியாளர் சொன்னாராம். அங்கே பத்திரிகைகள் அவரைச் சிலோன்காரன் என்று எழுதின. பிறகு டென்மார்க்கில் விளையாடியபோது சுவீடன்காரன் என்று எழுதினார்கள். "ரெண்டு நாட்டிலையும் என்னை மற்ற நாட்டுக்குத் தள்ளிவிடுகிறாங்கள்" என்று தம்பி சிரிப்பார்.

இதற்கிடையில் நானும் எனது கணவரும் டென்மார்க் வந்து, விபோர்க் நகரில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு ஒடென்சேக்கு மாறிவிட்டோம். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. துணியைப் பார்த்து மடிக்கிற வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது.

தம்பி சுவீடனில் முதல்தரப் பிரிவில் விளையாடத் தொடங்கியபோது தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, இந்த முறை சாட்டுச் சொல்ல ஏலாது. வெயிலே இல்லாத நாடு இது." மறுக்க முடியவில்லை. ரயிலிலும் கப்பலிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது வரிசையில் ஆசனம் போட்டு வைத்திருந்தார். முதற் பாதி முழுவதும் நான் கைப்பையின் கொக்கியைப் பார்த்தபடி இருந்தேன். பக்கத்தில் என் கணவர், "இஞ்சை பாருமன், உம்மட தம்பி மான் மாதிரி ஓடுறார்" என்று இடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் பாதியில் தம்பி எங்கள் பக்கமாக வந்து கை காட்டினார். என் கணவர் எழுந்து கை அசைத்தார். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தினேன். தம்பியின் முகம் தெரிந்தது. அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. பந்து வந்தது, தம்பி திரும்பினார், அவர் மேல் ஒருவர் வந்து மோதினார். மரக்கொப்பு முறிவது போல ஒரு சத்தம். 

வலது முழங்கால். இரண்டு முறை வெட்டிச் சரிசெய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தம்பி ஓடவில்லை. திரும்பி ஓடியபோது பழைய ஓட்டம் இல்லை.

அதன் பிறகு நான் தம்பியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கதைக்கும்போது அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்ப்பேன். மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, கலியாணமான புதிதில் நான் அவர்களோடு கோபம் என்று நினைத்தாராம்.

பெரிய கழகம் தம்பியை விட்டுவிட்டபோது அவர் ஒடென்சேயில் ஒரு சிறிய கழகத்துக்கு விளையாட வந்தார். வேறு இடத்திலும் கேட்டிருந்தார்கள். அக்கா இருக்கிற ஊர் என்று இதை எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வாசலில் அனுமதிச்சீட்டு வைத்திருப்பார். மச்சாள் தன் பக்கத்து ஆசனத்தில் கைப்பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருப்பார். நான் போகவில்லை.

இப்போது உங்கள் எல்லோருக்கும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் போனேன். பஸ் எடுத்துப் போய், மைதானத்தின் மூலையில் சைக்கிள் விடுகிற இடத்தில், பலகை வேலிக்கு வெளியே நின்றேன். மூன்று வருடங்கள், ஒடென்சேயில் விளையாடிய ஒவ்வொரு ஞாயிறும் நின்றேன். அந்தப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிற வரிசை எதுவும் இல்லை. மழை என்றால் நீலக் குடையைப் பிடித்துக்கொள்வேன். சத்தத்தை வைத்தே எனக்கு விளங்கும். பெருமூச்சு விட்டால் பந்து வெளியே போய்விட்டது. சீழ்க்கை அடித்தால் யாரோ தம்பியின் காலில் உதைத்துவிட்டார். ஆரவாரம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

சில ஆரவாரங்களுக்குப் பிறகு ஒரு காலடிச் சத்தம் என் பக்கமாக ஓடி வரும். பலகைக்கு அந்தப் பக்கத்தில் நிற்கும். யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். ஒரு கை அளவு தூரம்தான் இருக்கும். பிறகு போய்விடும். அது யார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கப் பயம்.

விளையாட்டு முடிய முன்னமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு வைத்துவிடுவேன். ஒரு நாள் தம்பி சாப்பிட வந்தவர் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"குடை நனைஞ்சு கிடக்கு. எங்கை போனனீங்கள்?"

"கடைக்குப் போனனான்."

"ஞாயிற்றுக்கிழமையில உங்களுக்கு ஆர் கடை திறந்தது?"

அந்த நாளில் இங்கே ஞாயிறு கடைகள் எல்லாம் பூட்டு. நான் குழம்பைக் கிண்டினேன். தம்பி தட்டை என் பக்கம் நீட்டினார். "இன்னொரு அகப்பை சோறு போடுங்கோ, அக்கா" என்றார். அந்தக் கதை அதோடு நின்றது.

விளையாட்டை விட்ட பிறகு தம்பி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தார். "முந்தித் தொண்ணூறு நிமிசம் ஓடினன், இப்ப தொண்ணூறு வயதுக்காரர் என்னைக் கலைக்கினம்" என்பார். ஒருவரைக் கடிந்து பேசியதை நான் கேட்டதில்லை. குளிப்பாட்டும்போது அவர்களுக்கு உதைபந்தாட்டக் கதை சொல்வாராம். கதையில் எப்போதும் எதிர்ப்பக்கத்துக் கோல்காப்பாளர்தான் வெல்வாராம், ஏனென்றால் அங்கே இருந்த ஒரு கிழவர் இளமையில் கோல்காப்பாளர்.

போன குளிர்காலத்தில் வருத்தம் வந்தது. வைத்தியர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசி நாட்களுக்கான பராமரிப்பு இல்லத்தில் யன்னல் பக்கமாகக் கட்டில் போட்டார்கள். ஒரு பின்னேரம் மச்சாள் தேநீர் எடுக்கப் போனார். நான் போர்வையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, என்ர முகத்தைப் பாருங்கோ."

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"போர்வையைப் பாக்கிறியள். என்னைப் பாருங்கோ. இனி என்ன முறியக் கிடக்கு?"

 யாரிடமும் சொல்லாததை அவர் எத்தனை வருடமாகத் தெரிந்து வைத்திருந்தாரோ!

"அம்மா போகேக்கை ஒராள் பாத்துக்கொண்டு இருந்தது. அது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விசயம் தெரியுமே? இந்த வேலையில நான் கனபேரைப் பாத்திட்டன், அக்கா. ஆரும் பாத்துக்கொண்டு இருந்தால் அவையின்ர முகம் வேறை மாதிரி."

நான் பார்த்தேன். நெற்றி, மூக்கு, காது எல்லாம் நான் வளர்த்த பிள்ளையுடையவை. கண் மட்டும் அம்மாவினுடையது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி இறைவனடி சேர்ந்தார். மச்சாளும், தம்பியின் மகளான என் மருமகளும், நானும் பக்கத்தில் இருந்தோம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்த நாளையும் அவர் போன நாளையும் எண்ணாமல் இருக்க எனக்கு இன்னும் முடியவில்லை. மழை பெய்தால் என் வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஓடி வந்து நின்று மூச்சு வாங்குவது கேட்கிறது. போய்த் திறந்தால் படிக்கட்டு மட்டும் இருக்கும்.

தகனத்துக்கு ஒடென்சேக் கழகத்தின் பழைய கோல்காப்பாளர் வந்திருந்தார். டெனிஷ்காரர், தம்பியின் உயிர் நண்பர். அவருடைய தகப்பன் அந்தக் காலத்தில் பிடித்த சில படக்காட்சிகளை மருமகளிடம் கொடுத்தார். "உங்கள் அப்பா கோல் அடித்தால் எங்களிடம் ஓடி வர மாட்டார். ஆளே இல்லாத மூலைக்கு ஓடுவார். சுவீடன்காரனுக்குச் சனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார்" என்றார். எனக்கு அவ்வளவு டெனிஷ் விளங்கும். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிறகு ஒரு நாள் மருமகள் கணினியில் போட்டுக் காட்டினாள். மழை. தம்பி இடது காலால் அடிக்கிறார். பந்து வலைக்குள். மற்றவர்கள் கையை விரித்து ஓடி வர, அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு மூலைக்கு ஓடுகிறார். அங்கே பலகை வேலி. வேலிக்கு மேலே ஒரு நீலக் குடையின் உச்சி தெரிகிறது. அது அசையவே இல்லை. தம்பி வேலியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இப்ப அப்பா திரும்புவார், மாமி. சிரிக்கிறார். பாருங்கோ, பாருங்கோ" என்றாள் மருமகள்.

நான் குனிந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

தம்பியை இரவு பகலாகப் பராமரித்த தாதிமாருக்கும், சோறு கறி சமைத்து வந்து தந்த அயலவர்களுக்கும், தேவாரம் படித்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், விபோர்க்கிலும் புரொண்பியிலும் இருந்து வேலையை விட்டுவிட்டு வந்த சொந்தங்களுக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த கழக நண்பர்களுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காத மச்சாளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லிக் கையெடுக்கிறது. விட்டுப்போனவர்கள் மனம் நோக வேண்டாம். எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவில் சாப்பாட்டுக்கு முன்பு மண்டபத்தில் அந்தக் காட்சியைப் போடுவார்கள். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் முன்வரிசையில், மச்சாள் கைப்பையை வைத்து எனக்குப் பிடித்துத் தரும் ஆசனத்தில் இருப்பேன். தம்பி மூலையில் இருந்து திரும்புகிற நேரம் என் தலை குனிந்திருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது தயவுசெய்து என் தோளைத் தொடுங்கள்.

இப்படிக்கு,
அக்கா
ஒடென்சே