கையுறை போடச் சொன்னவன்

வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் வீடு வாங்கிய முதல் குளிர்காலம் அது. எண்பதுகளின் கடைசியில். என் மனைவிக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு உதவியாக அவளுடைய அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அவர்களுக்கு ஒதுக்கியிருந்த அறை முழுக்கப் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். அதையெல்லாம் கராஜுக்குக் கொண்டு போக வேண்டும், அதற்குச் சுவரில் அலமாரி வேண்டும் என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இரும்பு ஆங்கிள்களும் பலகைகளும் வாங்கி வந்தேன். கூடவே ஒரு மின்சார டிரில்லும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கருவியைத் தவிர வேறு கருவியைக் கையில் பிடித்ததில்லை. ஊரில் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஆளைக் கூப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவன். இங்கே கூப்பிட ஆள் கிடையாது. டிரில் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். பொடி எழுத்து, நாலு பக்கம். அப்படியே மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். துளை போடுவதற்கு என்ன படிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒரு பொங்கல் விழாவில், பள்ளிக்கூட கேன்டீனில், பாத்திரங்கள் கழுவும்போது பழக்கமானவர். ஒரு மணி நேர டிரைவில் இருந்த ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் மூன்றாம் வருடம். அந்த இடம் அவருக்கு லேசில் கிடைக்கவில்லை. ஊரில் டாக்டராகி, சண்டையால் வெளியேறி, சென்னையில் ஒரு வருடம் இருந்து, இங்கே வந்து எல்லாப் பரீட்சையையும் மறுபடி எழுதி, ஐம்பது அறுபது இடங்களுக்கு அப்ளை பண்ணி, ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்து சேர்ந்தவர். என்னை அண்ணை என்பார். வயதில் சின்னவர்தான் என்றாலும் நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் படிப்பு மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

மாதத்தில் அவருக்கு இரண்டு ஞாயிறுதான் லீவு. அதில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய மனைவியும் என் மனைவியும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கராஜில் ஆங்கிளோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே வந்தார்.

"என்ன அண்ணை, ஓட்டை சின்னனாப் போச்சோ?"

ஆமாம். ஆங்கிளில் ஏற்கெனவே இருந்த துளைகளுக்குள் நான் வாங்கிய போல்ட் நுழையவில்லை. துளையைப் பெரிதாக்க வேண்டும். நான் டிரில்லை வைத்து அழுத்த அழுத்த அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"விடுங்கோ, நான் செய்யிறன். எலும்பிலயே டிரில் பண்ணுறனான். இரும்பு என்ன செய்யும்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். டிரில்லைக் கொடுத்துவிட்டு ஆங்கிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை இறுக்கி வைக்க ஒரு கிளாம்ப் வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. இரண்டு அட்டைப் பெட்டிகளுக்கு மேல் ஆங்கிளை வைத்துக் கையால் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இலை வாருவதற்காக வாங்கிய துணிக் கையுறை ஒரு ஜோடி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"டாக்டர், இதைப் போட்டுக்கங்க. இரும்பு கிழிச்சிரும்."

போட்டுப் பார்த்தார். அவருக்கு அது பெரிது. விரல் நுனிகளில் அரை அங்குலம் துணி தொங்கியது. உடனே கழற்றிவிட்டார்.

"வேண்டாம் அண்ணை. பிடி சரியா வரேல்ல."

"அதெல்லாம் இல்ல. உங்க கை சாதாரணக் கையா? இன்ஷூர் பண்ணி வைக்க வேண்டிய கை. போடுங்க முதல்ல."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டுக்கொண்டார்.

முதல் துளை நன்றாக வந்தது. இரண்டாவதும். டிரில்லின் பிடியில் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டால் விசையிலிருந்து விரலை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அவர் கண்டுபிடித்து அழுத்தினார். "இது வசதி" என்றார். மூன்றாவது துளையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் சேர்ந்தது. துளை தெரியவில்லை. அவர் டிரில்லைக் கொஞ்சம் தூக்கி, இடது கையால் சீவலைத் தள்ளினார்.

கையுறையின் நுனி சுழலும் கம்பியில் மாட்டியது. ஒரு சத்தம் கேட்டது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. பிறகுதான் அவர் கத்தினார். விசையை விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பொத்தானால் டிரில் நிற்கவில்லை. கையுறையைச் சுற்றிக்கொண்டே போனது. "பிளக்! அண்ணை, பிளக்!" என்றார்.

சுவரில் இரண்டு வயர்கள் சொருகியிருந்தன. ஒன்று டிரில்லுடையது, ஒன்று நான் வெளிச்சத்துக்காக மாட்டியிருந்த விளக்கினுடையது. குளிருக்காகக் கராஜ் கதவை இறக்கியிருந்தோம். நான் ஓடிப் போய் விளக்கின் வயரைப் பிடுங்கினேன். இருட்டாகிவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் ஓடியது. அடுத்த வயரைத் தடவிப் பிடித்துப் பிடுங்கும் வரை எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நொடி, நாலு நொடி. அதற்கு மேல் இருக்காது. ஆனால் முதலில் சரியான வயரைப் பிடுங்கியிருந்தால் எலும்பு தப்பியிருக்குமா என்ற கேள்வியை நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. பதிலைக் கேட்கிற தைரியம் வந்ததே இல்லை.

மருத்துவமனைக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். பின் சீட்டில் அவருடைய மனைவி துண்டால் சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல, எந்த நரம்பு போயிருக்கும், எந்தத் தசைநார் அறுந்திருக்கும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இடது கை ஆள்காட்டி விரல்.

அவசரப் பிரிவில் வயதான ஒரு நர்ஸ் கையுறையை வெட்டி எடுத்தாள். கழன்று வந்த துணியைப் பார்த்துவிட்டு, "டிரில் பிடிக்கும்போது யாராவது கையுறை போடுவார்களா? சுழல்கிற எதன் பக்கத்திலும் அது கூடாதே" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் திட்டவில்லை. வருத்தத்தோடுதான் கேட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அவருடைய மனைவி தமிழில் கேட்டாள். "ஆர் இதைப் போடச் சொன்னது?"

பிறகு அவர் குரல் கேட்டது.

"ஆரும் சொல்லேல்ல. நான்தான் போட்டனான்."

அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், நான்தான் சொன்னேன் என்று சொல்ல இரண்டடி வைத்தால் போதும். நான் அங்கேயே நின்றேன். தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து டிரில் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். தளர்வான எதையும் அணியாதே. துளை போடும் பொருளைக் கையால் பிடிக்காதே, இறுக்கி வை. ஓடும்போது சீவலைக் கையால் தொடாதே. எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை படிக்க.

விரலைக் காப்பாற்றினார்கள். நீண்ட ஆபரேஷன், உள்ளே கம்பி, பிறகு மாதக் கணக்கில் பயிற்சி. பார்த்தால் விரல் மாதிரியேதான் இருந்தது. ஆனால் நடு மூட்டு மடங்கவில்லை. நுனியில் உணர்வில்லை. சாதம் பிசைய வலது கை இருந்தது, கார் ஓட்டலாம், எழுதலாம். உடம்புக்குள் கையை விட்டு நூல் முடிச்சுப் போட மட்டும் முடியாது. அதற்கு இரண்டு கையிலும் எல்லா விரலும் வேண்டும்.

நாங்கள் வாரா வாரம் போனோம். என் மனைவி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரசமும் பொரியலும் செய்து எடுத்து வருவாள். அவர் ஒரு மென்மையான பந்தை வைத்து அமுக்கிக்கொண்டே என்னிடம் சகஜமாகப் பேசுவார். "வேலை எப்படிப் போகுது அண்ணை? அக்காவுக்கு எப்ப டேட்?" அவருடைய மனைவி எனக்கு டீ வைப்பாள். கோப்பையை வைத்துவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். நான் டீ நன்றாக இருக்கிறது என்பேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குக் வழக்கம்போல வலது கையால் கடிதம் எழுதினார், எழுத்து மாறவில்லை. விரலைப் பற்றி ஒரு வரி இல்லை. "அவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கிறா, மகன் சேர்ஜனாகிறான் எண்டு" என்றார் ஒருநாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

என் மனைவிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் முதலில் அழுதாள். பிறகு ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் காரில் சொல்வாள்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க. அவங்க உங்களைத் திட்ட மாட்டாங்க."

"திட்டினா பரவாயில்லையே."

"அப்புறம் என்ன?"

திட்டாமல் மன்னித்துவிடுவார்களே என்ற பயம் என்று சொன்னேன். அப்போது அதை நானே நம்பினேன். இப்போது யோசித்தால் அதுவும் பொய் என்று தெரிகிறது. நல்லவன் என்று அவர்கள் என்னை நினைப்பது எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். மகள் பிறந்த பிறகு என் மனைவியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்திய நாளிலிருந்து எங்களுக்குள்ளும் ஏதோ ஒன்று குறைந்து போனது.

அந்தக் கல்வியாண்டின் முடிவில் அவருடைய மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, வேறு துறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். டெக்சாஸில் நோய்க்கூறு ஆய்வுத் துறையில் ஓர் இடம் கிடைத்தது. இனி நோயாளிகளைத் தொட வேண்டாம், கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். போவதற்கு முன் சாமான்களைக் கட்டி ஏற்ற நான் போனேன். "அதுவும் நல்ல வேலைதான் அண்ணை. ஆரும் ராத்திரியில எழுப்ப மாட்டினம்" என்றார். பெட்டியின் மேல் டேப் ஒட்டும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. நான் அந்த டேப்பை வாங்கி ஒட்டினேன்.

அவர்கள் டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போனார்கள். முதலில் மாதம் ஒரு போன். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பேச விஷயம் இருக்காது. அங்கே வெயில், இங்கே பனி.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவியும் மகளும் வெளியே போயிருந்தபோது, நான் போனை எடுத்து அவர்கள் எண்ணை அழுத்தினேன். எந்த முன்யோசனையும் இல்லை. இரண்டு நாள் முன்னால் ஆபீசில் ஒருவன் அவனுடைய அப்பாவுக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், எவ்வளவு கெட்டிக்கார சர்ஜன் என்று. அது மட்டும்தான் காரணம்.

அவருடைய மனைவிதான் எடுத்தாள். அவர் வேலைக்குப் போயிருந்தார்.

"உங்ககிட்டயே சொல்றேன்மா" என்றேன். "அன்னிக்கு அந்தக் கிளவுஸைப் போடச் சொன்னது நான்தான். அவர் கழட்டிட்டார். நான்தான் திரும்பப் போட வச்சேன். பிளக்கையும் தப்பா பிடுங்கினேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும் அண்ணை" என்றாள். "ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட வந்தவுடனே இவர் எனக்குச் சொல்லிப்போட்டார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு அரை வருசம் பாத்தனாங்கள். நீங்கள் வாற ஒவ்வொரு கிழமையும் இவர் சொல்லுவார், இண்டைக்கு அண்ணை சொல்லுவார், பாவம் அந்தாள், சொல்லிப்போட்டாரெண்டா அவருக்கும் நிம்மதி எண்டு. பிறகு விட்டிட்டம்."

"அவர்கிட்ட நான் பேசணும்."

"வேண்டாம் அண்ணை." அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. கடையில் ஒரு பொருளை வேண்டாமென்று திருப்பி வைக்கிற மாதிரி சொன்னாள். "இப்பதான் அவர் ஒருமாதிரி நித்திரை கொள்ளத் தொடங்கியிருக்கிறார். இனி அதைக் கதைச்சு என்ன? பிள்ளை சுகமா இருக்கிறாளோ?"

சுகமாக இருக்கிறாள் என்றேன். அவள் போனை வைத்தாள்.

அவரிடமிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ண நினைத்து முதல் மூன்று எண்களை அழுத்திவிட்டு வைத்த நாட்கள் உண்டு. பின்னாளில் அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டதாக ஒரு சிநேகிதர் சொன்னார். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான் போன் பண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி திரும்பி வந்தபோது நான் போன் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோட்டைக் கழற்றிக்கொண்டே, "யாரு போன் பண்ணாங்க?" என்றாள்.

"யாருமில்ல" என்றேன். "ராங் நம்பர்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் படுக்க வைக்க மாடிக்குப் போனாள்.