நம்முடையது என்ற சொல்

பலர் சேர்ந்து எழுதும் கணினி நிரல்களை ஒழுங்காகப் பாதுகாக்கும் மென்பொருள் ஒன்றுக்கு, நானும் என் நண்பரும் தமிழில் திரைச் சொற்களும் உதவிக் குறிப்பும் எழுதினோம்; எழுதியதையும் அதே மென்பொருளில்தான் வைத்திருந்தோம். நான் ராஜபாளையத்தில், அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றிவிட்டால், மென்பொருள் இரண்டையும் காட்டி நின்றுவிடும். பழைய குறிப்பு, 'முரண்பாட்டைத் தீர்த்துவிட்டுத் தொடரவும்' என்று மட்டும் சொன்னது. என் அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அடுத்தவர் எழுதியதை மொத்தமாக அழித்துவிட்டு, "தீர்த்துட்டேன் சார்" என்றார்.

அதனால் ஒரு வரி சேர்த்தேன்: 'எதையும் நீக்கும் முன், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.' எனக்கு அந்தக் குறிப்பில் முக்கியம் அந்த வரிதான்.

திரையில் இரு தரப்புக்கும் பெயர் வைப்பதில்தான் சண்டை. நண்பர் 'நம்முடையது', 'அவர்களுடையது' என்று வைத்திருந்தார். 'நம்' என்றால் எதிரே இருப்பவரும் அதில் அடக்கம். பிறகு யாருடையது என்று எப்படித் தெரியும்? ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணாச்சிக்கு எம்புட்டுச் சந்தேகம்! ஒங்களுது வேற, எங்களுது வேறயா? எல்லாம் நம்மளுதுதான்."

"அப்ப அந்த வடையில பாதிய இங்க தள்ளுங்க."

வடையைத் தரவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்: 'உங்கள் மாற்றம்', 'மற்றவர் மாற்றம்'.

வெளியிடும் உரிமை அவரிடம் இருந்தது. வெளியானதும் படித்தேன். 'நம்முடையது' அப்படியே இருந்தது. என் வரி இல்லை. அவர் திருத்தமும் என்னுடையதும் ஒரே இடத்தில் மோதியிருக்கின்றன; அவருடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் தள்ளியிருக்கிறார். பக்கத்தில், 'முரண்பாடு தீர்க்கப்பட்டது' என்று எழுதியும் வைத்திருந்தார்.

போன் செய்தேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கொஞ்சம் அவசரம் அண்ணாச்சி. நம்ம வேலதான, இதுக்கெல்லாமா கேக்கணும்னு விட்டுட்டேன். பொறவு சேத்துருவோம்."

குரலில் கள்ளம் இல்லை, பிரியம்கூட இருந்தது. என்னால் தாங்க முடியாதது அதுதான். இத்தனை நாள் அவர் 'நம்ம' என்றபோதெல்லாம் நான் அதற்குள் இருப்பதாகவே நினைத்திருந்தேன்.

என் வரியை மறுபடி அனுப்ப உட்கார்ந்தேன். மென்பொருள் இரண்டு தரப்பையும் காட்டி நின்றது. 'நம்முடையது' என்பதன் கீழே இருந்தது முழுக்க அவருடையது. என் வரி, 'அவர்களுடையது' என்பதன் கீழே தனியாக இருந்தது.