ஐயனார் உரித்த கவர்

எங்கள் யார்டில் ஐயனாரின் பைக்கைத் தெரியாதவர் இல்லை. வாங்கிப் பல தீபாவளி போய்விட்டது. சீட்டின் மேல் ஷோரூம் கவர் அப்படியே இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்தால் சுடும், மழையில் வழுக்கும். மனுஷன் அசர மாட்டார். வீட்டில் ஃபிரிட்ஜ், டி.வி. ரிமோட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். "பிரிச்சா அழுக்காயிடும்பா" என்பார். கவரே அழுக்காகிவிட்டதே என்றால் கோபம் வரும்.

வல்லம் வடகாலில் இருக்கும் அந்த யார்டில், விமான நிலைய டெர்மினல் விரிவாக்கத்துக்கான இரும்புச் சட்டங்களும், கூரைத் தகடுகளும், வெளிச்சுவரில் பூட்டும் அலுமினியத் தகடுகளும் தயாராகின்றன. தகடு பூட்டுவதில் ஐயனார் கெட்டி. ஆனால் முதலில் மாதிரிக்கு ஒரு சுவரை யார்டிலேயே நிறுத்திக் காட்ட வேண்டும். விமான நிலையத் தரப்பு இன்ஜினியர் ஷாரோன் மேடம் அதை ஒப்புக்கொண்டால், ஐயனார் சைட்டுக்கு சூப்பர்வைசராகப் போவார். இல்லையென்றால் பழையபடி ஃபிட்டர்தான். அவர் மனைவி ரத்னா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டுதலே வைத்துவிட்டார்.

சுவர் எழும்பியது. மேடத்தின் வருகைதான் தள்ளிக்கொண்டே போனது. சித்திரை முடிந்து வைகாசியும் வந்துவிட்டது. தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை உரிக்கட்டுமா என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் விரட்டினார்.

"எவனாவது கை வச்சான், கைய ஒடைப்பேன். மேடம் வர அன்னிக்கி புதுப்பொண்ணு மாதிரி காட்டுவேன்."

மேடம் வந்தார். ஐயனார் தலையைச் சீவி, சட்டையை இன் பண்ணி, கவரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஒரு துண்டு கையோடு வந்தது. மறுபடி இழுத்தார், இன்னொரு துண்டு. கத்திரி வெயிலில் கவர் தகட்டோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டினார். பசை திட்டுத்திட்டாக நின்று, சுவர் சொறி பிடித்தது போல ஆனது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் தானாக நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

"யார் இதை உரிக்காம விட்டது?" என்று கேட்டார் ஷாரோன்.

"நாந்தான் மேடம். பசங்க உரிக்கறேன்னுதான் சொன்னானுங்க, நாந்தான் வுடல."

ஷாரோன் சுவரைச் சுற்றிவந்து பார்த்தார். வரிசை, இடைவெளி, மூலை எல்லாம் நேராக இருந்தன.

"வேலை நல்லா இருக்கு. ஆனா டெர்மினல்ல இப்படி ஆனா மொத்தத்தையும் கழட்டணும். சைட்டுக்கு நீங்களே வாங்க. பூட்டின அன்னைக்கே கவரை உரிக்கணும். அது உங்க பொறுப்பு."

எங்களில் சிலரும் அவரோடு சைட்டுக்குப் போனோம். முதல் வரிசை முடிந்த மாலையில், அவர் உரிக்கும் அதிசயத்தைப் பார்க்கவே வேலையை நிறுத்திவிட்டு நின்றோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். கவர் முழுசாக வந்துவிட்டது. மேற்கு வெயில் பட்டதும் சுவர் கண்ணைக் கூச வைத்தது. ஆச்சரியத்தில் திறந்த வாயை அவர் மூடவே இல்லை. உடனே ரத்னாவுக்குப் போன் போட்டார், வழக்கம்போல ஸ்பீக்கரில்.

"சும்மா தகதகன்னு கீதுடி! இத்தப் போயி மூடி வச்சிகினு இருந்தேனே."

ஸ்பீக்கரில் ரத்னாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்போ, நீ எட்த்துக் குட்த்த பட்டுப்பொடவய நான் கட்டிக்கவா? இன்னும் கவரோட பீரோலதான் கீது."

யாரும் சிரிக்கவில்லை. ஐயனார் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"கட்டிக்கோ ரத்னா. இன்னிக்கே கட்டிக்கோ. தோ, கெளம்பிட்டேன்."