கோட்டு சூட்டோடு ஒரு கடல் குளியல்

போன செவ்வாய்க்கிழமை ஆரணி பஸ் ஸ்டாண்டில் போளூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து மடக்கினார்.

"ஏம்மா, நீங்கதான பத்திரிகையில எழுதறவங்க? லண்டனுக்குப் போயிட்டு வந்தீங்களாமே... அந்த ஊரு கடல் இன்னா கலரும்மா?"

சாதாரணமான கேள்விதான். ஆனால் நான் திருதிருவென்று விழித்தேன். சாம்பல் கலர் என்பதா? சேற்றுக் கலர் என்பதா? அல்லது உண்மையைச் சொல்லிவிடுவதா — நாங்கள் பார்க்கப் போன நேரத்தில் கடல் ஊரிலேயே இல்லை என்று?

"அது... வந்து..." என்று இழுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை வசந்தா இங்கிலாந்தில் இருக்கிறாள். அவள் கணவர் டாக்டர் ஜெயவேலு அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். பூர்வீகம் கண்ணமங்கலம். ஆனால் அதை அவரிடம் ஞாபகப்படுத்தினால், யாரோ பழைய சிநேகிதர் பெயரைச் சொன்னதுபோல 'ஓ, அப்படியா' என்பார்.

என் வீட்டுக்காரருக்கு அவர் சகலை. என் வீட்டுக்காரருக்கு ஆரணியில் ரைஸ் மில். நாள் முழுக்க மெஷின் சத்தத்தின் மேல் பேசிப் பேசி, அவருடைய ரகசியம்கூட நாலு வீடு தள்ளிக் கேட்கும். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், இரண்டு சகலைகளும் ஒரே காரில் கடற்கரைக்குப் போவது என்று முடிவானபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சகலை எங்களை ஹாலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்.

"அண்ணே, அங்க வர்றவங்க எல்லாம் டீசன்ட் பேமிலி. கொஞ்சம் மெதுவா பேசணும்."

"மெதுவாத்தான் பேசிகினு இருக்கேன்!" என்றார் இவர். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

"வேட்டி வேண்டாம். சாப்பாட்டு டேபிள்ல கையை வைக்க வேண்டாம். அக்கா, நீங்க துவைச்ச புடவையை ஜன்னல்ல தொங்கப் போட வேண்டாம். ரோட்ல நடக்கறப்ப தமிழ்ல கூப்பிட வேண்டாம்."

"மூச்சு விடலாமா சகலை?" என்றார் இவர். சகலை சிரிக்கவில்லை. யோசிப்பதுபோல் இருந்தது.

அவர் ஏன் இவ்வளவு பயந்தார் என்று வசந்தா அடுக்களையில் வைத்துச் சொன்னாள். அவருடைய ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வருஷாவருஷம் அதே கடற்கரை ஊருக்குத்தான் லீவுக்கு வருவாராம். அவர் மனசு வைத்தால் சகலைக்கு அடுத்த பதவி. கடற்கரையில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்து, நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த உல்லாசப் பயணமே. நாங்கள் இலவச இணைப்பு.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மழை.

நம் ஊரில் மழை பெய்தால் ஜனங்கள் வீட்டுக்குள் போவார்கள். அங்கே காரைக் கடலுக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். ஒரு காரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். யாரும் யாரோடும் பேசவில்லை. சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். அவ்வப்போது அப்பா கண்ணாடியைத் துடைப்பார். கடல் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. மறுபடி சாண்ட்விச்.

நாங்களும் அப்படியே உட்கார்ந்தோம். வேறென்ன செய்ய?

"இது இன்னா சகலை... லெவல் கிராசிங்ல கேட் போட்டா மாதிரி குந்திகினு இருக்கோம்?"

"எஞ்சாய் பண்ணுங்கண்ணே," என்றார் சகலை பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. கார்களிலிருந்து எல்லாரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். பிள்ளைகள் கழுதைக்காரரிடம் காசு கொடுத்துக் கழுதை மேல் ஏறி ஊர்வலம் போனார்கள். பெற்றோர்கள் பெருமையாக போட்டோ எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கழுதை மேல் ஏற்றினால் அதற்குக் காரணமே வேறு. ஆனால் நாகரிகம் ஊருக்கு ஊர் மாறுமல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் வந்துவிட்டது! நான் ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டேன். கடற்கரைக்குப் பட்டா என்று கேட்காதீர்கள். ஆரணிக்காரி சீமைக்குப் போய் நைலக்ஸ் கட்டினாள் என்று தெரிந்தால் ஊரில் யார் என்னை மதிப்பார்கள்? சகலை கோட்டு, சூட்டு, டை. பெரிய டாக்டரைத் தற்செயலாகச் சந்திக்கத் தயாராகிவிட்டார். வசந்தாவும் அவளுடைய பெண் பிரியாவும் பேண்ட்டில். இவர் மட்டும் குளிப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டு, பேண்ட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நடை கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

கரைக்குப் போய்ப் பார்த்தால்... கடலைக் காணோம்.

கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல். அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடு. அதுதான் கடலாம். காலையில் உள்ளே போய்விட்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுமாம்.

"இன்னா ஊருய்யா இது? கடலுக்கும் ஆபீஸ் டைம் வச்சிகினு இருக்கான்!" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "வாடி, நாமளே போய்ப் பாக்கலாம்" என்றார்.

எங்கள் கமண்டல நாகநதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் தண்ணீர் பார்ப்பதைவிட மணல் பார்ப்பதுதான் அதிகம். மணலில் நடந்து தண்ணீரைத் தேடுவதெல்லாம் எங்களுக்குப் பிறவிப் பழக்கம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சகலை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏனென்றால் இவர் அதற்குள் பேண்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியோடு நடந்துகொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். வசந்தா பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள். ஆனால் கையை ஆட்டவில்லை. கணவரைப் பார்த்தாள், பிறகு கீழே குனிந்துகொண்டாள்.

சுருக்கென்றது. இடுப்பில் சுமந்து வளர்த்த தங்கை. முன்னால் திரும்பி நடந்தேன்.

அரைமணி நேரமாவது நடந்திருப்போம். கடல் கிடைத்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர், ஐஸ். இவர் 'கோவிந்தா' என்று உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டார். நான் உள்ளங்கையில் எடுத்துத் தெளித்துக்கொண்டேன். புண்ணியம் சேர்ந்ததோ இல்லையோ, ஜலதோஷம் சேர்ந்தது.

திரும்பினோம். தூரத்தில், கரையோரமாக, கழுதைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எவ்ளோ மரியாதை தெரிஞ்ச மனுஷன்!" என்று இவரும் இரண்டு கையையும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நாங்களும் இன்னும் வேகமாக ஆட்டினோம்.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். வரும்போது காய்ந்திருந்த பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடல் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது எங்களைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னாலும் வந்துவிட்டிருந்தது! கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஆறுபோலத் தண்ணீர். நாங்கள் நின்ற மணல் திட்டு பார்க்கப் பார்க்கச் சுருங்கியது. இவர் ஒரு கால் வைத்துப் பார்த்தார். தொடை வரை போனது. இழுப்பு வேறு. பின்வாங்கினார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

"இன்னாடி பண்றது?" என்று கேட்டார் இவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதே நேரம் கரையில் நடந்ததை வசந்தா பிறகு சொன்னாள். பெரிய டாக்டர் மனைவி சமேதராக வந்தே விட்டார். சகலை கைகுலுக்கி, 'என்ன ஆச்சரியம், நீங்களும் இங்கேயா?' என்று ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். பெரிய டாக்டர் கண்ணைச் சுருக்கிக் கடல் பக்கம் பார்த்து, "அங்கே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களே, யார் அது?" என்று கேட்டிருக்கிறார்.

சகலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரோ டூரிஸ்ட்டாக இருக்கும் சார்."

பிரியா சும்மா இருப்பாளா? ஆறு வயசு. தமிழில் அவளுக்குத் தெரிந்ததே நாலு வார்த்தை. அதில் ஒன்றை எடுத்துவிட்டாள்: "டாடி, அது பெரியம்மா!"

அப்போதுதான் சகலை திரும்பினாராம். பார்த்தாராம். முகம் வெளுத்ததாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நானே பார்த்தேன். கோட்டும் டையுமாக ஓர் உருவம் படிகளில் தடதடவென்று இறங்கியது. மணலில் ஓடியது. விழுந்தது. எழுந்தது. மறுபடி ஓடியது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை டீசன்ட் பேமிலியும் எழுந்து நிற்க, ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்...

"யோவ் சகலே! அங்கியே நில்லுய்யா! எறங்காத! அக்காவைப் புடிச்சிக்கோ! வந்துகினே இருக்கேன்யா!"

கண்ணமங்கலம்! சுத்தமான கண்ணமங்கலம்! இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் அதை?

ஷூவோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பு, வயிறு, மார்பு... டை மட்டும் மேலே மிதந்தது. ஒரு நொடி ஆளையே காணவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு தலை தெரிந்தது. எங்களை எட்டியதும் இவர் கையை ஒரு கையிலும் என் கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"ஜல்தி! ஜல்தி வாங்கக்கா! கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

மூன்று பேரும் கோத்த கையை விடாமல் இறங்கினோம். தண்ணீர் என் கழுத்துக்கு வந்தது. பட்டுப்புடவை கல்லைக் கட்டியதுபோல இழுத்தது. எதிர்க்கரையிலிருந்து கழுதைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்து, பாதி வழியில் எங்களைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

மூச்சு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "சகலை, உங்களுக்கு நீச்சல் வருமா?"

"வராதுண்ணே."

மூன்று பேருக்கும் தெரியாது! இதை முன்னாடியே கேட்டிருந்தால் நான் அந்தத் திட்டிலேயே நின்றிருப்பேன்.

வசந்தா ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "கைய ஆட்டினியே அக்கா... பாத்துகினே தெரியாதவ மாதிரி நின்னுட்டேனே அக்கா..."

நிறைய சொல்லலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். "சரி விடுடி. மொதல்ல இந்தப் புடவையப் புழி" என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம்.

அந்தக் கோலத்தில்தான் பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். பெரிய டாக்டர் சகலையைப் பார்த்தார். ஒரு பக்கம் ஷூ இல்லை. தலையில் கடற்பாசி.

"உங்கள் டூரிஸ்ட்டுகள் பத்திரம்தானே?"

சகலை டையைப் பிழிந்தார். பிறகு, "சார், இது என் மனைவியின் அக்கா. இவர் அவர் கணவர். ஊர் ஆரணி. என் ஊர் அதற்குப் பக்கத்தில்," என்றார். கண்ணமங்கலம் என்று பெயரையும் சொன்னார். பெரிய டாக்டருக்கு அது வாயில் நுழையாது என்று தெரிந்தும், முழுசாக, ஓர் எழுத்தும் விடாமல்.

பெரிய டாக்டர் இவர் பக்கம் திரும்பி, இந்த மனிதர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். இவர் சகலையைப் பார்த்தார். சகலை இங்கிலீஷில் வார்த்தை தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "பிரதர் இன் லா" என்றார்.

"அப்படியா? எனக்கும் ஒருவர் இருக்கிறார்," என்றார் பெரிய டாக்டர். தூரத்தில் கடலைப் பார்த்து நிறுத்தியிருந்த ஒரு காரைக் காட்டினார். "என் மனைவியின் தங்கை கணவர். நேற்றுக் காலையிலிருந்து அதற்குள் உட்கார்ந்து என்னென்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தாங்க முடியாமல்தான் நடக்கிறேன் என்று வந்துவிட்டேன்."

சகலை அதை இவருக்குத் தமிழில் சொன்னார். இவர் ஒரு கணம் யோசித்தார்.

"இன்னாது, பொண்டாட்டி தங்கச்சி புருஷனா? யோவ், அது சகலைய்யா!" என்று கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்து, பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

பதவி கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? இன்னும் கடிதம் வரவில்லை. எனக்கென்னவோ வேறொரு கவலை. மைத்துனர், கொழுந்தன், மச்சான், சகலை எல்லாருக்கும் சேர்த்து ஒரே வார்த்தையாம் அந்த பாஷையில்.

பாவம்... எப்படித்தான் ஆள் தவறாமல் திட்டுகிறார்களோ!