தம்பியின் மேசையில் யார் கை வைத்தது?

மலைச்சரிவுக்குப் போனால் எல்லோரும் மரத்தைப் பார்ப்பார்கள். என் தம்பி மரத்தடியைப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உதிர்ந்த விதை, காய்ந்த காளான், பறவை விட்டுப்போன கூடு என்று பை நிறையக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைவான். தெருவில் அவனுக்குச் ‘சருகு’ என்று பேர். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவன் வரைந்த கூழாங்கல்லைக் கையில் எடுக்கலாம்போல இருக்கும்.

இந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கண்காட்சியில் அவன் படத்துக்கு இடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். பாசி படிந்த மரத்துண்டு, இரண்டு இறகு, ஓடைக்கரையில் எடுத்த, வாயில் மண் அடைத்திருந்த நத்தைக் கூடு. ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தான்.

ஒருநாள் காலையில் நத்தைக் கூடு கோட்டுக்கு வெளியே இருந்தது. நிழல் மாறிவிட்டதால் வரைந்ததை அழித்துத் திரும்ப வரைந்தான். மறுநாளும் அதே கதை.

“என் மேசையில யாரு கை வச்சது அக்கா?” என்றான். கேட்டது என்னை, பார்த்தது அவன் மனைவியை.

தையல் மெஷின் போட இடமில்லை என்று அவளுக்கு அந்த மேசைமேல் ரொம்ப நாளாக ஒரு கண். எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம்.

“உங்க குப்பையைத் தொட்டுட்டு யாரு கை கழுவிட்டு இருக்கறது?” என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, “தினமும் தூசி தட்டுறது நீங்கதானே அண்ணி?” என்றாள்.

நான் தூசி தட்டினால் ஒரு ஊசிகூட இடம் மாறாது. ஆனாலும் தம்பி என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்படியும் கூடு நகர்ந்தது.

“மாத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று ஆரம்பித்தான். வீட்டில் பேச்சே நின்றுபோனது.

வியாழக்கிழமை மாலை, பாசி வாடாமலிருக்க அவன் வழக்கம்போல் தண்ணீர் தெளித்து முடித்ததும், நான் மேசையெங்கும் மாவு சலித்துத் தூவினேன். விரல் பட்டால் தடம் விழுமே.

காலையில் மூவரும் சேர்ந்தே உள்ளே போனோம். மாவில் ஒரு விரல் தடமும் இல்லை. சாக்பீஸ் கோட்டிலிருந்து கூடு வரைக்கும் பளபளவென்று ஒரு தடம் மட்டும் போயிருந்தது. அதன் முனையில் இரண்டு கொம்புகள் மெல்ல நீண்டன.

“காஞ்சு கிடந்துச்சே,” என்றான் தம்பி.

“தண்ணி தெளிச்சு எழுப்பினது நீங்க. திருடி நானா?” என்றாள் அவன் மனைவி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு நத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள். “ஓடிடாம பாத்துக்கறேன். வரைங்க.”

கூட்டை அவன் திருப்பி வைக்கவில்லை. மாவையும் தடத்தையும் கொம்பையும் சேர்த்தே வரைந்தான். மாலையில் ஈரம் காயாத படத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவனும் அவளும் போனார்கள். நான் நத்தையை ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்து மேசையைத் துடைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த இறகுகளையும் ஒருமுறை உதறிப் பார்த்தேன்.