பெயர்கள் ஓடும்போது

மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவனுக்கு உலக விஷயங்கள் தெரியாமல் இருக்கலாம். எந்தக் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது மட்டும் தெரியாமல் இருக்காது. லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் எரிவாயு இணைப்பைப் பெயர் மாற்றவோ, உயிரோடு இருப்பதாக வங்கிக்கு நிரூபிக்கவோ யாருக்குத் தேவைப்பட்டாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த ஜன்னலில் நின்று பயனில்லை என்று சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வீடியோ கேமை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

கேம் என் மகளுடையது. நியூ டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் அவள் டெஸ்டர். பிறர் செய்த விளையாட்டை நாள் முழுக்க விளையாடி, எங்கே பழுது என்று புகார் எழுத வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு குறை கண்டுபிடிக்கும் இந்த வேலை நேராக என் ரத்தத்திலிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் கும்பகோணத்து உறவினர்கள் கேட்டால் "கம்ப்யூட்டரில் இருக்கிறாள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு இதற்குப் போனபோது, வீட்டில் ஆதரவாக விழுந்தது ஒரே ஓட்டு. அது அவள் அம்மாவுடையது.

பல வருட உழைப்புக்குப் பிறகு அந்த கேம் வெளிவரப் போகிறது என்றும், கடைசியில் ஓடும் பெயர்களில் தன் பெயரும் வரும் என்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மகள் சொன்னாள். வாரம் முழுக்கத் தோழிகளோடு நியூ டவுனில் இருப்பவள், ஞாயிறன்று ரசத்துக்காக நகரத்தைக் குறுக்கே கடந்து எங்களிடம் வருவாள். நான் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வேலையில் முதல்முறையாக எனக்குப் புரிகிற ஒன்று வந்திருந்தது. கையெழுத்து!

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போக முதலில் வழியே இல்லாமல் இருந்ததாம். இவள்தான் புகார் எழுதி, கூட்டத்தில் சண்டை போட்டு, ஸ்கிப் பட்டன் வைக்கச் செய்திருக்கிறாள்.

"உன் பேரைத் தள்ளிட்டுப் போறதுக்கு நீயே வழி பண்ணிக் குடுத்தியா?" என்றேன்.

"ஆமாம்பா. குழந்தை அழுதா எழுந்து போக வேணாமா? நடுவுல ஆஃப் பண்ணினா கேம் முடிஞ்சதாவே சேவ் ஆகலை. பிடிச்சு வெச்சுப் பேரைக் காட்டினா திட்டிக்கிட்டேதான் பார்ப்பாங்க."

நான் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, கீழே சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு பட்டாளத்தையே அடுக்குகிறோம். யாரும் படிப்பதில்லை. ஆனால் அதில் ஒரு மாமா விட்டுப்போய்விட்டால், அந்த வீட்டில் அடுத்த தலைமுறைக் கல்யாணம் வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படிக்கிறவனுக்காகவா அந்தப் பெயர்கள் இருக்கின்றன? இருக்கிறவர்களுக்காக இருக்கின்றன. அலுவலகக் கோப்பிலும் அப்படித்தான். கீழே உள்ள சுருக்கொப்பங்களைக் கடக்காமல் உத்தரவுக்கு யாரும் வந்துவிட முடியாது. உழைத்தவர்களின் பெயரைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே, என்ன குடி முழுகிவிடும் என்றேன்.

மகள் முழுவதையும் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பத்திரிகையை முழுசாப் படிச்சு முடிச்சாத்தான் பந்தியில உக்காரலாம்னு எந்தக் கல்யாணத்துலப்பா சொல்லியிருக்காங்க?"

என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "பத்திரிகையில என் பேரு எந்தக் காலத்துல வந்துது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு சரியா என்று கேட்பதுபோலச் சொன்னாள். எந்தப் பத்திரிகையிலும் அவள் என் பெயருக்கு முன்னால் ஒரு 'திருமதி'யாகத்தான் வருவாள். நாங்கள் இருவரும் வாதத்தில் மும்முரமாக இருந்தோம். 

கிளம்பும்போது மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். யாராவது விளையாடி வீடியோ போட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பார்க்கக் கூடாது. "அம்மா விளையாடி முடிச்சு, அம்மாவே நேரா பார்க்கணும். வேற ஒண்ணும் கேக்கலை." இதில் எனக்கு முழுச் சம்மதம். அசல் இருக்கும்போது நகலைப் பார்ப்பது என் வழக்கமில்லை.

அவள் பெயர் எப்படி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்த வங்காளி ஊரில் குடும்பப் பெயரை டைட்டில் என்பார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து "டைட்டில் கீ?", அதாவது டைட்டில் என்ன, என்று எல்லோரும் கேட்க, இன்ஷியலாக நிற்கும் ஒற்றை எழுத்தைக் காட்டி அவள் விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்து நான்தான். ஆகவே பட்டியலில் நானும் ஓர் எழுத்தாக ஓடுவேன். யாராவது என்னைத் தள்ளிவிட்டுப் போவதை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேம் வெளிவந்ததும் மகள் அதை எங்கள் டிவியில் போட்டுக் கொடுத்தாள், என் மனைவி விளையாட ஆரம்பித்தாள். பிற்பகலில், மீன்காரரின் குரல் தெருவை விட்டுப் போன பிறகு, டிவி முன்னால் பிரம்பு மோடாவைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊரில் ஒரு பெண் படகில் வீடு வீடாகப் போய்ச் சாமான்கள் கொடுக்கிறாள், கடைசியில் ஒரு புயலைத் தாண்டிக் கலங்கரை விளக்கை ஏற்றுகிறாள். அதுதான் கதை. நான் துறைமுகத்தில் குப்பை கொட்டியவன். அந்தப் படகில் மிதவை இல்லை, விளக்கு இல்லை, இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போகிறாள் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீங்க வேணா லைசென்ஸ் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஓட்டினாள்.

நன்றாகவே ஓட்டினாள். மாற்றல் மாற்றலாக என்னோடு வந்து, போன ஊரிலெல்லாம் பால்காரரையும் பள்ளிக்கூடத்தையும் கண்டுபிடித்தவளுக்கு, மூழ்கிய ஊரில் வழி கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. ஒரே தொல்லை, அந்த ஊர்க்காரர்கள் ஓயாமல் பேசினார்கள். அவள் எல்லாவற்றையும் நிதானமாகப் படிப்பாள். எனக்குப் பொறுக்காது. "தள்ளு, தள்ளு, மேலே போ" என்பேன். அவளும் அலுத்துப்போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்துத் தள்ளக் கற்றுக்கொண்டாள்.

ஒரு பிற்பகலில் புயல் ஓய்ந்து விளக்கு எரிந்தது. சமையலறையில் பொரி கலந்துகொண்டிருந்த என்னை, "ஏங்க, முடிஞ்சிடுச்சு, வாங்க" என்று கூப்பிட்டாள். ஓடி வந்தேன். கறுப்புத் திரையில் பெயர்கள் மேலேறத் தொடங்கியிருந்தன. முதலில் கம்பெனித் தலைவர். அப்புறம் முதலீடு செய்தவர்கள். அப்புறம் இன்னும் சில தலைமைகள்.

எனக்கு நடைமுறை தெரியும். மேலே மேலதிகாரிகள், கீழே போகப் போகக் கீழ்நிலை ஊழியர்கள். டெஸ்டர் என்றால் எங்கள் அலுவலகக் கணக்கில் கடைசிப் பக்கம், கேன்டீனுக்குக் கொஞ்சம் மேலே.

"இதெல்லாம் பெரியவங்க. அவ பேரு அடியிலதான் வரும். கொஞ்சம் தள்ளு" என்றேன்.

அவள் பழக்கத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தாள். பட்டியல் வேகமாக ஓடும் என்று நான் நினைத்தேன். ஓடவில்லை. மறைந்துவிட்டது. திரையில் முதல் நாள் பார்த்த அதே நீர்ப்பரப்பும், அதில் ஆளில்லாமல் ஆடும் படகும் இருந்தன.

சற்று நேரம் இருவரும் படகையே பார்த்தோம். பெயர்களை மறுபடி காட்ட அதில் எங்கும் வழி இல்லை, நான் எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். ஸ்கிப் பட்டன் இருக்கவே கூடாது என்று வாதாடியவன் நான். அதை உபயோகிக்க உத்தரவிட்டவனும் நான். இந்த முரண்பாட்டை என் மனைவி எடுத்துக் காட்டவில்லை. பொரிக் கிண்ணத்தை வாங்கி, "பச்சை மிளகாய் போட மறந்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயம் பார்த்து மகள் ஃபோன் செய்தாள். கேம் முடிந்தது என்று அம்மா சொன்னாள். பெயரைப் பார்த்தாயா என்று அவள் கேட்டிருக்க வேண்டும், இவள் என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன், "பார்த்தேன், பார்த்தேன்" என்றாள்.  பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிக்கொள்ளலாம் என்று மகள் வைத்துவிட்டாள்.

அந்த வாரத்துக்குள் மறுபடி புயலைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். பதற்றத்தில் ஓட்டினால் படகு கவிழ்ந்துகொண்டே இருந்தது. ஞாயிறு வந்தது, மகளும் வந்தாள். கையில் சந்தேஷ் இனிப்புப் பொட்டலம். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பேர் எப்படி இருந்தது என்று கேட்டாள். அழகாக இருந்தது என்றாள் அம்மா. வேறு ஒன்றும் தோன்றவில்லையா என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் அனுபவஸ்தன். எந்தப் பொய்யும் ஒரு சின்னக் குறையோடு சொன்னால் நம்பகமாக இருக்கும்.

"கொஞ்சம் கீழே தள்ளிப் போட்டுட்டாங்க. பரவாயில்லை, சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றேன்.

"அப்பா, எங்க லிஸ்ட்ல மேல இருக்கற சில பேரைத் தவிர ஒவ்வொரு பிரிவுலயும் அகர வரிசைதான். நான் நடுவுலதான் வருவேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மனைவி நடந்ததைச் சொன்னாள். என் பங்கைக் குறைத்துத்தான் சொன்னாள், அப்படியும் கணிசமாகவே இருந்தது. மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சந்தேஷ் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள்.

"அப்போ நீ பார்க்கவே இல்லையாம்மா" என்றாள்.  அந்தக் குரலை நான் முன்பு ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், வங்கித் தேர்வுப் புத்தகங்களைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டு அவள் என்னிடம் பேச வந்த நாளில்.

என் மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மோடாவை இழுத்துப் போட்டாள். குக்கரை அடுப்பில் ஏற்றியிருந்தாள், விசில் வந்தால் நான்தான் எழுந்து போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மகள் தரையில் உட்கார்ந்தாள். உதவி செய்யட்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. நானும் இடம், வலம் என்று வாயைத் திறக்கவில்லை. புயல் வந்தது. எல்லோரும் முட்டிமோதும் நேர்வழியை விட்டுவிட்டு, மூழ்கிய வீடுகளின் மாடிகளை ஒட்டி ஒட்டி மெதுவாகப் படகைக் கொண்டுபோனாள் என் மனைவி.

"ஆரே! இந்த வழியில போக முடியும்னு எங்களுக்கே தெரியாதும்மா" என்று மகள் முணுமுணுத்தாள்.

விளக்கு எரிந்தது. பெயர்கள் ஏறின. தலைவர், முதலீட்டாளர்கள், பிறகு படம் வரைந்தவர்கள், இசை சேர்த்தவர்கள், தண்ணீரை மட்டும் செய்தவர்கள் என்று தனியாக இருவர். மனைவி கன்ட்ரோலரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை அதன்மேல் படாமல் தூக்கிக்கொண்டாள். டெஸ்டர்கள் வந்தார்கள். நடுவில் மகளின் பெயர். நான் என் எழுத்தைத் தேடினேன். அது வழக்கமான இடத்தில் இல்லை. பெயருக்குப் பின்னால், டைட்டில் வரவேண்டிய இடத்தில், முழுதாக ஒரு பெயர் இருந்தது. என் மனைவியுடையது.

அவள் அதை மெல்ல வாய்விட்டுப் படித்தாள், யாரோ முன்பின் தெரியாதவரின் பெயரைப் படிப்பதுபோல. அது மேலே ஏறிப் போய்விட்டது. போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டைட்டில் கேட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்பா பேருதானே போடணும்?"

"அப்படி ரூல் இல்லை. வேணா அப்பாவைக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஷியலாகத் தாயின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு அரசாணையே இருக்கிறது என்று அறிவித்தேன். குரல் அலுவலகக் குரலாகத்தான் வந்தது, ஆனால் முடிவில் லேசாகத் தேய்ந்துவிட்டது. மகள் எட்டி என் முழங்காலில் தட்டினாள். உங்களைச் சாமர்த்தியமாகத் தள்ளிவிட்டேன், கோபமா என்றாள். விதிகளுக்கு உட்பட்டுத்தானே தள்ளியிருக்கிறாய் என்றேன்.

பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மொழிபெயர்த்தவர்கள், கணக்கு பார்த்தவர்கள், எழுத்துருவுக்கு உரிமை கொடுத்தவர்கள். மகளே பொறுமை இழந்து, "போதும்மா, இனிமே ஸ்கிப் பண்ணிடலாம்" என்றாள். அம்மா கன்ட்ரோலரை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது குக்கர் விசிலடித்தது. பெயர்களைப் பார்க்காமல் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்று வாதாடியவன், அத்தனை பேரையும் ஓடவிட்டுவிட்டு எழுந்து போனேன். மகள் வென்றுவிட்டாள், அதைப் பெரியமனதோடு அவள் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் மறுநாள் ஒரு புதிய புகார் எழுதினாளாம். தெரியாத்தனமாகத் தள்ளிவிட்டவர்கள் பெயர்களைத் திரும்பப் பார்க்க முகப்பிலேயே ஒரு வழி வேண்டும், தள்ளுவதற்கு முன் நிச்சயமா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். புகாருக்கு ஆதாரமாக 'மூத்த குடிமகன் ஒருவர்' என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறாள்.

அந்தத் திருத்தம் வந்துவிட்டது. இப்போது பிற்பகலில் படகெல்லாம் ஓட்டுவதில்லை. என் மனைவி டிவியைப் போட்டு, முகப்பில் பெயர்களுக்கான பட்டனை அழுத்தி, தலைவரிலிருந்து எழுத்துரு வரைக்கும் ஓடவிட்டுக் கீரை ஆய்கிறாள். நடுவில் ஒருமுறை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறாள். நான் மின்சாரக் கட்டணச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் என் பெயரில்தான் வருகிறது.